நெற்றிக்காசு

கொடும்பாளூர் மேலத்தெருவில் காசு சேர்க்கிறவர் என்றால் அது திருப்பதிதான். மற்றவர்களும் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதெல்லாம் பேங்கில் போய் உட்கார்ந்துகொள்வதால் தெருவுக்கு ஒரு சுவாரஸ்யமும் இல்லை. திருப்பதியுடையது வீட்டுக்குள், பீரோவில், நீல வெல்வெட் விரித்த பெட்டியில், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் சிமிழுக்குள் இருந்தது.

கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவர் அவர். கூட இருந்தவர்கள் ஜெனோவாவிலும் ராட்டர்டாமிலும் கரை இறங்கினால் கம்பளியும் சென்ட்டும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். இவர் ரசீதோடு பைசாந்தியக் காசு வாங்கிக்கொண்டு ஏறுவார். கான்ஸ்டான்டிநோபிளில் இருந்துகொண்டு ஆண்ட ராஜாக்கள் அடித்த காசு. அதிலும் தேய்ந்தது, நசுங்கியது, ஓரம் வெட்டுப்பட்டது எதுவும் ஆகாது. நேற்று அச்சில் இருந்து விழுந்த மாதிரி இருக்க வேண்டும். செல்லாத காசைச் செல்லுகிற காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் என்று தெருவில் அவருக்குப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

பெட்டியின் நடுவில் இருந்தது தங்கம். ஜஸ்டினியன் என்ற ராஜா, தலைக்கவசமும் கையில் சிலுவை வைத்த உருண்டையுமாக நேரே பார்த்துக்கொண்டு இருப்பார். மறுபக்கம் சிறகு விரித்த தேவதூதன், நீளக் கோலை ஊன்றி நிற்பான். சுற்றிலும் இருக்கும் எழுத்தில் ஒரு கால்கூட மழுங்கவில்லை. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருஷம் கடந்து வந்த காசு. திருப்பதியின் மனைவி பிரகதாம்பாள் அதைத் தொட்டதே இல்லை.

"கைய வைக்காத. ரேகை விழும்" என்பார். பார்க்க வேண்டுமானால் அவரே இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துக் காட்டுவார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள்.

மகன் பாலாஜியின் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு எல்லாம் தெளிவாகவே கேட்டது.

"அந்தப் பொன்காசுல ஒரு வளையம் வச்சுக் குடுங்களேன். சங்கிலில கோத்துப் போட்டுக்கிர்றேன். ஒரு நாளைக்குத்தான்."

"வளையம் வைக்கிறதா? இந்தப் பக்கம் கெடைச்ச ரோமாபுரிக் காசெல்லாம் அப்புடித்தான் நாசமாப் போச்சு. ஓட்டை விழுந்துருச்சுன்னா அது காசே இல்ல. நகை."

"நகையாத்தான் நானும் கேக்குறேன்."

பீரோவைப் பூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணத்தில் அவள் மெல்லிய சங்கிலி ஒன்றைப் போட்டுக்கொண்டு எல்லாரையும் சிரித்தபடி வரவேற்றாள்.

அவளுக்குக் கிட்னி போய்விட்டது. டயாலிசிஸுக்குப் போய் வந்து, போய் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது போனவள் திரும்பவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாலாஜி கத்தாரிலிருந்து சாயங்காலத்துக்குள் திருச்சியில் இறங்கிவிடுவான் என்றதும், பக்கத்து வீட்டுக் கண்ணுசாமி ஐஸ்பெட்டிக்குச் சொல்லிவிட்டார்.

பெட்டிக்குள் வைக்கும் முன் நெற்றியில் காசு வைக்க வேண்டும். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, பிரகதாம்பாளின் தங்கை மணிமேகலை கேட்டாள்.

"ஒத்த ரூபா காசு ஒண்ணு குடுங்கடி."

ஒருத்தி முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே போன்தான் இருந்தது. இன்னொருத்தி பெட்டிக்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஸ்கேன் பண்ணுகிற அட்டையைக் காட்டி, காசைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காச்சு, வேணும்னா மிட்டாய் தாரேன் என்றாராம். தெரு முழுக்கத் தேடியும் ஒரு ரூபாய் அகப்படவில்லை.

"நல்ல கூத்துதான்டி. காசு சேக்குறவரு வீட்டுல பொணத்து நெத்திக்குக் காசு இல்ல" என்றாள் திலகவதி. எதிர்வீட்டுக்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

மணிமேகலை அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பீரோ சாவி காலண்டருக்குப் பின்னால் தொங்குவது அக்காளுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும்.

திருப்பதி அப்போது வேப்பமரத்தடியில் நின்று மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துத் திரும்பினபோது ஐஸ்பெட்டியை மூடியிருந்தார்கள். கண்ணாடிக்குள் பிரகதாம்பாள். அவள் நெற்றியில், சந்தனத்தின் நடுவில், ஜஸ்டினியன்.

அவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

"பாருங்கக்கா, பொன்காசு!" என்று திலகவதி சத்தமாகவே சொன்னாள். "ராணிக்கு வைக்கிற மாதிரி வச்சுருக்காக. இந்த மனுசன் மனச நாமதான் தப்பா நெனைச்சுப்புட்டோம்."

கண்ணுசாமி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசுய்யா ஒனக்கு" என்றார்.

இதற்குமேல் திருப்பதி என்ன சொல்ல முடியும்? அதை எடு என்று சொல்ல அவர் வாய் இரண்டு தடவை திறந்தது. இரண்டு தடவையும் யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பெட்டியின் தலைமாட்டிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் ஆவி படிந்தபோதெல்லாம் துண்டால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பெண்டாட்டி முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறாரே என்று தெரு உருகியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது காசுக்கு மேலே வைத்திருந்த குங்குமத்தை. அது கரைந்து ராஜாவின் மூக்கருகே இறங்கிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நம் பக்கம் நெற்றிக்காசு மண்ணுக்குள் போவதில்லை. குழியில் இறக்கி, முகத்தை மூடும் முன் எடுத்துவிடுவார்கள். எடுத்தது குழி வெட்டினவருக்கு. அது அவருடைய உரிமை, கேள்வி கிடையாது.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தார். "இந்தா வாரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

"செத்த வீட்டுல புருசன் எங்கிட்டுப் போறாரு?" என்றாள் திலகவதி.

"மாத்திரை வாங்கப் போவாரு, விடு" என்றார் கண்ணுசாமி.

அவர் போனது ஒரு ரூபாய் தேடி. ஹைவே டீக்கடையில் இல்லை. பெட்ரோல் பங்கில் இல்லை. கடைசியில் விராலிமலைக்குப் போய், மலைப்படி அடிவாரத்தில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த கிழவரின் முன்னால் குந்தினார். துண்டில் காசு கிடந்தது. கிழவர் ஒன்றை எடுத்து நீட்டினார். திருப்பதி அதைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் தேய்ந்திருந்தது, கீழே வைத்துவிட்டார். வேறொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒரு கீறல்.

"எதுக்குய்யா இம்புட்டுப் பொறுக்குறீக?"

"வீட்டுக்காரி நெத்திக்கு."

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு எது இருந்தா என்னய்யா? அவுக என்ன கடைக்கா போகப் போறாக?"

திருப்பதி பளபளப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நோட்டை வைத்துவிட்டு எழுந்தார். ஏன் அப்படிப் பொறுக்கினோம் என்று ஸ்கூட்டரில் வரும்போதுதான் அவருக்கே உறைத்தது.

அவர் வருவதற்குள் பாலாஜி வந்துவிட்டான். குளிப்பாட்டும் முடிந்திருந்தது. பெஞ்சில் கிடத்தி, பட்டுச் சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, குளிப்பாட்டும்போது எடுத்த காசைப் புதுச் சந்தனம் குழைத்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

"எங்கப்பா போனீங்க?" என்றான் பாலாஜி. அவர் இடது கையை மூடிக்கொண்டார்.

"சுமங்கலியாப் போறா. கடைசியா நீங்கதான் குங்குமம் வைக்கணும்" என்று மணிமேகலை கிண்ணத்தை நீட்டினாள். "வைங்க மாமா."

அவர் குனிந்தார். வலது கையில் குங்குமம். இடது கைக்குள் ரூபாய். நெற்றியில் விரல் வைத்தார். எல்லாரும் குனிந்து அழுதுகொண்டிருக்கும் நேரம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததுதான் தப்பு. நம் தெருவில் அழுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுவதில்லை.

இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்தார். நெம்பினார். பொன்காசு பிசுக்கென்று கழன்று அவர் உள்ளங்கைக்குள் போனது. அவசரத்தில் ரூபாயைச் சந்தனம் தாண்டி வெறும் நெற்றியில் வைத்து அழுத்தினார். அது ஒட்டவில்லை. வழுக்கிக் கன்னத்தில் இறங்கி, பெஞ்சுக் கம்பியில் ணங்கென்று மோதி, சிமென்ட் தரையில் உருண்டது. உருண்டு உருண்டு கண்ணுசாமியின் காலடியில் போய்ப் படுத்தது.

ஒப்பாரி நின்றுவிட்டது.

கண்ணுசாமி ரூபாயைப் பார்த்தார். திருப்பதியின் மூடிய வலது கையைப் பார்த்தார். காலையில் தோளில் வைத்த தன் கையை இப்போது வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

திருப்பதி யாரையும் பார்க்கவில்லை. பிரகதாம்பாளின் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சந்தனத்தில் காசின் மறுபக்கம் பதிந்திருந்தது. சிறகு விரித்த தேவதூதன், நீளக் கோல், சுற்றிலும் எழுத்து. ஒரு கோடுகூடச் சிதையவில்லை. அத்தனை அச்சாக ஒன்றை அவர் எந்த ஊர்க் கடையிலும் பார்த்ததில்லை. அவள் முகத்துக்கு அது பொருந்தியிருந்தது. கல்யாணத்துக்குப் போட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மணிமேகலை ரூபாயைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கட்டைவிரலால் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டாள்.

"அழிச்சுராத!" என்று கத்தினார் திருப்பதி. அன்றைக்கு முழுவதும் அவர் வாயிலிருந்து சத்தமாக வந்தது அது ஒன்றுதான்.

"என்னத்த?"

அவர் நெற்றியைக் காட்டினார். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு இழுப்பில் தேவதூதனை வழித்துச் சமமாக்கி, ரூபாயை வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை ஒட்டிக்கொண்டது.

"ஓட்டை ஒண்ணும் விழலையே மாமா?" என்றாள். "நல்லாப் பாத்துக்கங்க."

பாலாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழி மேட்டில் ரூபாய் போக வேண்டிய கைக்குப் போனது. காடாத்துச் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினதும், பாலாஜி அப்பாவிடம் சொல்லாமல் சித்தி வீட்டில் போய்த் தங்கிக்கொண்டான். தெருவில் அவர் போனால் பேச்சு குறைகிறது. குறைந்த பேச்சு அவர் தாண்டினதும் இரண்டு மடங்காகிறது, அதில் குறைவைக்கவில்லை.

ஒரு மத்தியானம் திருப்பதி எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பொன்காசைப் போட்டார். தேய்க்கக் கூடாது, கீறல் விழும் என்பது அவருடைய சட்டம். சும்மா ஊறவிட்டார். எழுத்துகளுக்குள் இறுகியிருந்த சந்தனம் மெல்ல உப்பி, புகை மாதிரி கிளம்பித் தண்ணீரில் கலந்தது. குங்குமமும் போனது. கிண்ணத்தை ஜன்னல் வழியாகக் கொட்டினார்.

பிறகு கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜாவின் கவசம், உருண்டை, சிலுவை, மறுபக்கம் சிறகு, கோல், ஒவ்வொரு எழுத்தின் இடுக்கு. ஒரு துளி மஞ்சளாவது எங்கேனும் மிஞ்சியிருக்குமா என்று வெளிச்சம் மங்குகிறவரைக்கும் தேடினார்.

காசு நேற்று அச்சில் இருந்து விழுந்த மாதிரி இருந்தது. அவளுடையது என்று அதில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.