ஆதினியின் அழுகையில் ஓடிய வண்டி

கோயம்புத்தூரில், கணபதிக்குப் பின்னால் இருக்கும் பட்டறை வீதிகளில், பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்து முடிப்பவர்கள் அதற்கான சத்தத்தைத் தங்கள் வீட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் வெளியே வாங்கிக்கொள்ளலாம். டேங்க் சேலத்தில் கிடைக்கும். முன் ஃபோர்க் ஈரோட்டில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும். சத்தம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. எவ்வளவு நேர்த்தியாகக் கோத்தாலும், உதைத்தவுடன் வண்டி வாயை மூடிக்கொண்டு அதிரும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு சத்தத்தை எடுத்துச் சைலன்சரில் விட்டால்தான் அது வண்டி. எடுத்த சத்தம் அதற்கப்புறம் வீட்டில் இருக்காது.

மூன்றாவது வீட்டு வேலுச்சாமியின் வண்டி அவருடைய மாமியாரின் குறட்டையில் ஓடுகிறது. அந்த அம்மாள் இப்போது பஞ்சுப்பொதி மாதிரி தூங்குகிறார். முனை வீட்டில் கிரைண்டர் சத்தத்தைக் கொடுத்துவிட்டதால் அங்கே மாவு ஊமையாக அரைபடுகிறது. எதிர்வீட்டு அமுதவல்லி அக்காவின் சிரிப்பை அவள் கணவர் எடுத்துத் தன் சிவப்பு வண்டிக்குக் கொடுத்தார். அக்கா இப்போது சிரிக்க வேண்டியிருந்தால் பல்லை மட்டும் காட்டுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது வீதியே திரும்பிப் பார்க்கும்.

"என்ற சிரிப்புல போயிட்டு வர்றோம் அம்மிணி, சரவணம்பட்டி வரைக்கும்" என்று இறங்கும்போது சொல்வாள். பல்லைக் காட்டுவாள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் எதிர்வாசலில் நிற்கும் சிந்துஜா தன் வீட்டு ஷெட்டைத் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் கணவன் தரணிபதி இரண்டு வருடமாக ஒரு வண்டியைக் கோத்துக்கொண்டிருந்தான். ஒற்றை சிலிண்டர், கரும்பச்சை, அவனுடைய அப்பாவைவிட நான்கு வயது மூத்தது. அவள் உண்டானபோது அவன் சக்கரத்துக்கு ஆரக்கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு வலி எடுத்தபோது டேங்கில் இரண்டாவது கோட் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது, தூசி படக்கூடாது என்று ஷெட் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தான். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. வண்டியைத் துடைக்கும்போது அவன் தொண்டையிலிருந்து ஒரு சின்ன முனகல் வரும். பால் காய்ந்து ஆடை கட்டும்போது அடுப்பிலிருந்து வருமே, அந்த மாதிரி. அப்படி முனகுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. கல்யாணமான மூன்று வருடத்தில் அந்த முனகலை அவன் சிந்துஜாவிடம் ஒரு தடவைகூட முனகியதில்லை.

வண்டி முடிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, தரணிபதி நீளத் திருப்புளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். மெக்கானிக்குகள் இன்ஜினைக் கேட்கிற முறை அதுதான். இரும்பு முனையை இன்ஜின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். வீட்டையும் அப்படித்தான் கேட்பார்கள்.

சிந்துஜா நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள். யாரும் கட்டச் சொல்லவில்லை.

அவன் ஃபிரிட்ஜில் வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். குழாயில், குக்கரில், மேலே சுற்றும் ஃபேனில் ஸ்டூல் போட்டு ஏறிக் கேட்டான். கடைசியில் அவளிடம் வந்தான். முனை தொண்டைக்குழியில் ஜில்லென்று பட்டது.

"ஏதாச்சும் பேசு."

"சாப்பிட வாங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு வருத்தத்தோடு திருப்புளியை எடுத்துவிட்டான். "கான்வென்ட்டு குரல் சிந்து. நாப்பது புள்ளைங்க ஒண்ணா நின்னு குட் மார்னிங் சிஸ்டர் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் ஒரே அச்சாப் போயிருச்சு. ஒரிஜினல் இல்ல. பழைய வண்டிக் கிளப்புல கண்டுபுடிச்சிருவாங்க."

அந்த நேரம் தொட்டிலில் ஆதினி அழுதாள். ஐந்து மாதக் குழந்தை, பசி வந்தால் ஊரைக் கூட்டுவாள். தரணிபதி தொட்டிலுக்குப் போய், முனையைத் துணியால் துடைத்து, குழந்தையின் நெஞ்சில் மெதுவாக வைத்தான். அவன் முகம் மலர்ந்த விதத்தைச் சிந்துஜா பார்த்தாள். தன் வயிற்றில் பிறந்ததைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டது அன்றுதான் முதல் தடவை. அரை நிமிடம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் அவன் அழுகையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

கொடுப்பவரின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. அதனால் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை.

ஷெட்டில் வண்டி அழுதது. தொட்டிலில் ஆதினி வாயைத் திறந்து, முகம் சிவந்து, காலை உதைத்தாள். சத்தமில்லை. வீதிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வேலுச்சாமி மைசூர்பாகு கொண்டு வந்தார். கிளப் தலைவர் மாசிலாமணி சைலன்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "குழந்தை சவுண்டு இந்தப் பக்கமே கிடையாதுங்க. பத்து நாள்ல கண்காட்சி. ஜட்ஜு முத்திரை குத்திட்டாருன்னா அப்புறம் பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது" என்றார். அமுதவல்லி அக்கா வாசலிலேயே நின்றாள். அன்று அவள் பல்லைக் காட்டவில்லை.

முதல் நாள் சிந்துஜா பயந்தது, குழந்தை அழுவது தெரியாமல் போய்விடுமே என்றுதான். துப்பட்டாவின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் இன்னொரு முனையைக் குழந்தையின் காலிலும் கட்டிக்கொண்டு சமைத்தாள். கால் உதைத்தால் துப்பட்டா இழுக்கும், ஓடுவாள். ஆனால் ஓடிப்போய் மார்பில் சேர்த்தால் பால் வரவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால். அந்த வீட்டில் அழுவது வண்டி.

காலை பதினொரு மணிக்கு ஷெட்டில், யாரும் உதைக்காமலே, வண்டி அழ ஆரம்பிக்கும். சிந்துஜாவின் ரவிக்கை நனையும். பால் அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மறுபடியும் பகல் மூன்று மணிக்கு. தரணிபதி பெட்ரோல் ஊற்றிப் பார்த்தான், பிளக்கைக் கழற்றித் துடைத்தான், "என்னடா தங்கம், என்னடா" என்று ஸ்டாண்டைத் தடவினான். அது நிறுத்தவில்லை. அவள் போய் டேங்க் மேல் கையை வைத்தாள். உடனே நின்றது. கை வைத்த இடத்தில் அந்த இரும்பு அவளை நோக்கி லேசாகச் சாய்ந்தது. அவளுக்கு அதை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பால் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் பச்சை பெயின்ட் கண்ணாடிபோல ஆயிற்று.

"ரெண்டு வருசமா மெழுகு போட்டுத் தேய்க்கிறேன். எனக்கு இந்தப் பளபளப்பு வந்ததில்ல" என்றான் தரணிபதி.

"எனக்கென்னங்க தெரியும்?"

"எங்கிட்ட இருக்க மாட்டேங்குது. உன்னையத்தான் தேடுது."

அவளுக்கு ஒரு நொடி இனித்தது, அது உண்மை. இடுப்பிலிருந்த குழந்தை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது, அதுவும் உண்மை.

அடுத்த நாளிலிருந்து அவன் ஷெட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். வண்டி உள்ளே இருந்து அழுதது. பால் வந்தது, புடவையெல்லாம் ஓடியது, ஆதினியின் வாய்க்கு மட்டும் வரவில்லை. பாட்டிலில் கரைத்துக் கொடுத்த பாலும் ரப்பருக்குள்ளேயே நின்றுகொண்டது. ஏழாம் நாள் தடுப்பூசி நர்ஸ் ஜோதிமணி தராசில் குழந்தையைப் போட்டுவிட்டு நோட்டைப் பார்த்தார்.

"அரைக் கிலோ குறைஞ்சிருக்குங்க."

"பால் எறங்க மாட்டேங்குது சிஸ்டர்."

"அழுதாத்தானுங்க எறங்கும்." நர்ஸ் சட்டையைப் போட்டுவிட்டார். "அழுகையை எங்க வச்சிருக்கீங்க?"

"வண்டியில."

"அப்போ வாங்கிக் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள. முத்திரை விழுந்துட்டா என்னால மருந்து எழுதிக் குடுக்கக்கூட முடியாது."

திருப்பி வாங்க ஒரே வழிதான் உண்டு. அதே வீட்டிலிருந்து, அதைவிட ஒரிஜினலான வேறொரு சத்தத்தைக் கொடுக்க வேண்டும். குறைந்த சரக்கை வண்டி ஏற்காது. அன்று மாலையே சிந்துஜா அவனிடம் கேட்டாள்.

"வேற சத்தம் பாருங்களேன். கொழந்தை எளைச்சுட்டே போகுது."

"அதான் வீடு பூரா கேட்டுட்டேனே. வேற ஒண்ணும் இல்ல."

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"ஸ்டூல் போட்டு ஃபேனைக்கூடக் கேட்டேன் சிந்து" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை. வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறைத்தான் அவனும் செய்திருந்தான். முனையை உலகத்தில் எல்லாவற்றின் மேலும் வைப்பார்கள். பிடி எப்போதும் தங்கள் காதிலேயே இருக்கும்.

அவள் அன்று இரவு முழுவதும் அதை யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையிலிருந்து வரும் அந்த முனகலை வண்டிக்கே கொடுத்துவிட்டால் தனக்கு அது இனி எப்போதுமே கிடையாது. என்றாவது ஒரு நாள் காலையில், தலை பின்னும்போது பின்னால் வந்து நின்று முனகுவான் என்று அவள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆதினியின் விலா எலும்பை விரலால் எண்ணிப் பார்த்தாள். எண்ண முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் நாற்பத்தோரு வண்டிகள் நின்றன. ஊட்டியிலிருந்து வந்திருந்த நடுவர் பொன்னம்பலம் வெள்ளைக் கையுறையோடு ஒவ்வொரு சைலன்சராகக் காது வைத்துக்கொண்டு வந்தார். குறட்டைக்கு முத்திரை விழுந்தது. அமுதவல்லி அக்காவின் சிரிப்பை அவர் இரண்டு தடவை கேட்டார். அக்கா கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்தது கரும்பச்சை வண்டி. அது விசும்பிக்கொண்டிருந்தது. தரணிபதி பழைய பனியன் துணியால் டேங்கைக் கடைசியாக ஒரு தடவை துடைக்கக் குனிந்தான். முனகல் வந்தது.

சிந்துஜா டூல் பையிலிருந்து திருப்புளியை எடுத்து அவன் தொண்டையின் பக்கவாட்டில் வைத்தாள். பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். தூரத்தில் நின்று கேட்டதைவிட நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம்போல இருந்தது. கேட்காமல் எடுத்துச் சைலன்சரில் விட்டாள். வண்டி அழுகையைத் துப்பியது. முனையில் அதைப் பிடித்து, இடுப்பிலிருந்த குழந்தையின் நெஞ்சில் வைத்தாள்.

ஆதினி அழுதாள். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. சிந்துஜா அங்கேயே, ஒரு பெட்ரோல் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். குடிக்கிற வேகத்தில் குழந்தைக்குப் புரையேறியது.

பொன்னம்பலம் குனிந்து காது வைத்தார். நிமிரவில்லை. மாசிலாமணி பயந்துபோய் அவர் தோளைத் தொட்டார். "சார்?"

"இருங்க" என்றார் அவர். வெகுநேரம் கழித்துக் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். "இது ஒரிஜினல்."

பரிசுக் கோப்பையைத் தரணிபதி வாங்கினான். நன்றி சொன்னான், பேச்செல்லாம் சரியாகத்தான் வந்தது. அப்புறம் வண்டியிடம் வந்து துடைத்தான். வாய் லேசாகத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. எதையோ ஸ்டாண்டுக்குக் கீழே தேடினான்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிந்துஜா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அன்றுதான் ஏறினாள். வண்டி அவளுக்குக் கீழே முனக ஆரம்பித்தது. முதுகுத்தண்டில் ஏறி, காது மடல்வரை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எறங்கு சிந்து. போலாம்" என்றான் தரணிபதி.

"இருங்க" என்றாள்.

அவன் தன் வண்டியையும் தன் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அமுதவல்லி அக்கா தன் கணவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சா?"

"எந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லீங்க. வண்டியை எடுங்க" என்றாள் அக்கா. சிவப்பு வண்டி வீடு போய்ச் சேரும்வரை அவளுடைய சிரிப்பில் சிரித்துக்கொண்டே போனது.

ஆதினி அந்த வாரமே இழந்த எடையில் பாதியைத் திரும்பப் பிடித்தாள். காலை பதினொன்றுக்கும் பகல் மூன்றுக்கும் வீதிக்கே கேட்கிற மாதிரி அழுதாள்.

புதன்கிழமை போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து பெயரைக் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உறைக்குள் இரண்டு சின்ன நம்பர் பலகைகள் இருந்தன. கறுப்பில் வெள்ளை எழுத்து. கூடவே இருந்த கடிதத்தில், சைலன்சரிலிருந்து எடுத்த சத்தத்தில் அழுவதால் ஆதினி வண்டியாகப் பதிவாகியிருப்பதாகவும், அவளுடைய ஆயுள் வரி முன்னரே கட்டப்பட்டிருப்பதாகவும், முதல் ஐந்நூறு மைல் வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்றும் இருந்தது. சிந்துஜா பின்பலகையை ஜட்டியில் ஊக்கால் குத்தினாள். முன்பலகையைக் குல்லாவில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது குழந்தை முழித்துக்கொண்டது. பாதியில் விட்டுவிட்டுத் தூக்கினாள்.