வியாழக்கிழமைக் கூட்டாளி

சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் குடியிருக்க, சுப்ரமணியன் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. மகள் இருக்கிறாள் என்பது போதாதாம். மகள் உங்கள் குடும்பம், அது இருக்கட்டும், இந்த நாட்டோடு உங்களுக்கென்று என்ன தொடர்பு என்று குடியேற்ற அலுவலகத்தில் கேட்டார்கள். பெற்று வளர்த்த ஒரே பெண்ணின் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் இப்படிக் கேட்டால் அவர் வாயைத் திறந்து என்ன சொல்வார்? ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கான பெர்மிட்டின் கணக்கு அதுதான். வேலைக்குப் போகக் கூடாது, பிழைக்கப் பணம் இருக்க வேண்டும், ஊரோடு சொந்தமாக ஓர் ஒட்டுதலும் வேண்டும்.

முதல் இரண்டும் சிரமமில்லை. மின்வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. உறையூர் வீட்டை விற்ற பணம் சூக் வங்கியில் கிடந்தது. அந்த வீடு போனதுதான் அவருடைய பயமும். பெர்மிட்டை நீட்டிக்கவில்லை என்றால் திருச்சியில் இறங்கிப் போய்ப் படுக்க ஒரு கூரை கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வாடகை அறை, மெஸ் சாப்பாடு, ஒருநாள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்காரன் போலீசுக்குச் சொல்வான். இதையெல்லாம் அவர் மகளிடம் சொன்னதில்லை. புதுப்பிக்கும் மாதம் வந்தால் தபால்பெட்டியை நாளுக்கு நாலு தடவை திறந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒட்டுதலுக்கு வழி சொன்னது பெர்மிட் வேலையைப் பார்த்துக் கொடுத்த வக்கீல் அம்மாள். வந்த வருஷமே, அப்பாவை ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மகள் அஞ்சனாவிடம் சொன்னாள். இந்த நாட்டில் இரண்டு பேர் சேர்ந்து தும்மினால் அதற்கும் ஒரு சங்கம் உண்டு, தலைவர் பொருளாளர் சகிதம். அஞ்சனா தேடிப் பிடித்தது ஏரிக்கரைப் பக்கத்தில் முதியவர்கள் சீட்டாடும் ஒரு கழகம். வியாழக்கிழமை மதியங்களில் கூடுவார்கள். முதல் நாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடப்படும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

அங்கே ஆடியது யாஸ் என்கிற ஆட்டம். சுவிஸ்காரர்கள் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடிப்பது. வேற்று ஆள் கற்றுக்கொள்ளவே முடியாது என்று அவர்களுக்குள் ஒரு பெருமை. துருப்பில் ஜாக்கிதான் ராஜாவுக்கும் மேல், அதற்கடுத்து ஒன்பது என்று அவர்கள் விளக்க ஆரம்பித்ததும் சுப்ரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாரிய ஊழியர் மன்றத்தில் வாலிபம் முழுவதும் முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம் ஆடிய கை அது. அதிலும் ஜாக்கிதான் பெரியவன், ஒன்பதுதான் அடுத்தவன். ஜெர்மன் வார்த்தை பத்து தெரியாமலேயே அன்று அவர் ஜெயித்தார். எதிர்நாற்காலியில் அவருக்குக் கூட்டாளியாக உட்கார்ந்திருந்த வெர்னர் இட்டன், மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

வெர்னர் ஓய்வு பெற்ற தபால் பஸ் டிரைவர். மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர், மனைவியை இழந்தவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். இந்த ஊரில் பழகாதவரை எல்லாரும் எல்லாருக்கும் 'ஹெர்' தான், நம் 'திரு' போல. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை ஒருவர் முன்வந்து வழங்க வேண்டும், அதற்கு ஒரு கோப்பை ஏந்த வேண்டும். முதல் குளிர்காலம் முடிவதற்குள் வெர்னர் இரண்டு குட்டிக் கோப்பையில் செர்ரிச் சாராயம் ஊற்றி, இனிமேல் நான் வெர்னர் என்றார். குடிக்காத சுப்ரமணியன் மூக்கைப் பிடிக்காத குறையாக விழுங்கிவிட்டு, நான் சுப்ரா என்றார். ஆபீசில் சார், வீட்டில் அப்பா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் எத்தனையோ காலமாகியிருந்தது. வெர்னருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனபோது தினமும் பஸ் பிடித்துப் போய், பேச ஒன்றும் இல்லாமல், பார்வையாளர் நேரம் முடியும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அப்போதெல்லாம் பெர்மிட் என்ற ஒன்று அவர் நினைவிலேயே இல்லை.

இந்த வருஷம் அலுவலகம் கொஞ்சம் கறாராகக் கேட்டது. சங்கத்து ரசீது போதாது, உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றாள் வக்கீல். அஞ்சனாவுக்கு உடனே வெர்னர் ஞாபகம் வந்தது.

"நீங்களே எழுதிக் கொண்டுபோயிடுங்கப்பா. அவருக்கு எதுக்கு சிரமம்? கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

அது சுப்ரமணியனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் கையெழுத்துப் போட்ட நற்சான்றிதழ் ஒவ்வொன்றையும், வாங்க வந்தவன்தான் எழுதிக்கொண்டு வந்தான். பெரிய மனுஷரிடம் வெறும் தாளை நீட்டுவது மரியாதையா? உட்கார்ந்து நகாசு வேலை செய்து எழுதினார். தன்னைப் பற்றி 'பண்பாளர்', 'சுவிஸ் வாழ்வோடு இரண்டறக் கலந்தவர்' என்று எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அஞ்சனா அதை ஜெர்மனில் ஆக்கினாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று மாப்பிள்ளை ஆதித்யா, யாருக்கோ வாங்கி வைத்திருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கொடுத்தான்.

வெர்னர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தாளை நீட்டினார். சால்வைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். வெர்னர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

"சுப்ரா, நீ சீட்டாட வந்தது இதற்காகத்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? ஆனால் முதல் நாள் அஞ்சனா கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டது கண் முன்னால் வந்து நின்றது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு என்று சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொல்ல வேண்டும், செய்ததைச் சொல்லிக் காட்டுவது அசிங்கம் என்றும் தோன்றியது. அவர் மேஜையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதலில் அதற்காகத்தான்," என்றார் கடைசியில்.

வெர்னர் தலையசைத்தார். தாளை மடித்து, சால்வைப் பெட்டியின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

"நானே எழுதுகிறேன். எனக்கு எழுதத் தெரியும்."

கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கூடத் தேவலை. காலில் விழாத குறையாகச் சமாதானம் பண்ணியிருப்பார். வெர்னர் எழுந்து போய் அவருடைய கோட்டை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

கடிதம் நேராக அலுவலகத்துக்குப் போனது. வக்கீலிடம் வந்த நகலை அஞ்சனா உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். நாலே வரி. திரு. சுப்ரமணியன் நேர்மையாக ஆடுகிறவர். ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. நான் படுத்திருந்தபோது தினமும் வந்தார். அவர் இங்கே இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல மனுஷன்ப்பா என்றாள் அஞ்சனா. சுப்ரமணியன் மூக்கைச் சிந்துகிற சாக்கில் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பெர்மிட் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது. அந்த வியாழக்கிழமை நன்றி சொல்லக் கழகத்துக்குப் போனார். வெர்னர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள், ஹெர் சுப்ரமணியன்."

வெர்னருக்கு எதிர்நாற்காலியில் வேறு ஒரு அம்மாள் சீட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுப்ரமணியனுக்கும் இடம் வைத்திருந்தார்கள், ஜன்னலோர மேஜையில், காது கேட்காத ஒரு கிழவருக்குக் கூட்டாளியாக. யாரும் முகத்தைத் திருப்பவில்லை. காபி வந்தது. அவருக்கு அன்று ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்தே வந்தன. மேஜையைத் தட்டிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

வீட்டில் அஞ்சனா கேசரி கிளறியிருந்தாள். அடுத்த வருஷமும் வெர்னர் கிட்டயே வாங்கிடலாம்ப்பா, கொஞ்சம் முன்னாடியே சொல்லி வச்சிடுங்க என்றாள். சரிம்மா என்றார். கழகத்தை மட்டும் விட்டுடாதீங்க, வக்கீல் கண்டிப்பாச் சொன்னாங்க என்றாள். அதற்கும் சரி என்றார்.

விடவில்லை. மழையோ பனியோ, வியாழன் மதியம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்காருகிறார். வெர்னர் அன்று கேட்டதை இன்று திரும்பக் கேட்டால் மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆமாம், இதற்காகத்தான் வருகிறேன் என்று சட்டென்று சொல்லிவிடுவார்.