முன்னால் குறையும் முதுகுகள்

முன்னால் செல்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி, ஏழு மிதிவண்டிகள் வயல்களுக்கு இடையே வரிசையாக விரைந்துகொண்டிருந்தன. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. சாலையைப் பார்ப்பது முதலாமவரின் பொறுப்பு. பள்ளம் தென்பட்டால் அவர் ஒரு கையை எடுத்துக் கீழே சுட்டுவார். மற்றவர்கள் மறுபேச்சின்றி விலகுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை முதலாமவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போவார்.

ஆறாவதாக வந்தவளுக்குக் கவலை தந்தது இந்த முறைமைதான். பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளாக இரத்தம் எடுப்பவள் அவள். கைக்குழந்தையின் நூலிழை நரம்பிலும் முதல் குத்திலேயே ஊசியை இறக்கிவிடுவாள். ஆயினும், நாற்பத்தைந்தாம் வயதில் மிதிவண்டி கற்ற அந்தக் கைகளுக்கு ஒன்று மட்டும் வரவில்லை: ஒற்றைக் கையால் ஓட்டுவது.

புறப்படும்போது எல்லார் முன்னிலையிலும் நாத்தனார் கேட்டாள். "அண்ணி, ஒத்தக் கையில ஓட்டுவீங்கல்ல?"

"அதெல்லாம் வரும்," என்று வாய் முந்திக்கொண்டது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த நாத்தனார்தான் இப்போது பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"பிரேக்க விடுங்க அண்ணி! வண்டி அழுவுது பாருங்க!"

"அழுதா அழட்டும். நீ கொஞ்சம் தள்ளி வா!"

"தள்ளி வந்தா காத்து அடிக்கும். உங்க முதுகு நல்லா அகலமா இருக்கு!"

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முதுகு குறைந்தது. ஐந்து நான்காயிற்று, நான்கு மூன்றாயிற்று. சொல்லிவிடலாம் என்று இருமுறை வாயைத் திறந்தாள். இருமுறையும் பிரேக்கைத்தான் பிடித்தாள். இறுதியாகக் குழுவின் தலைவரான தபால்காரர் ஒதுங்கினார்.

"வாங்க மேடம், இனி நீங்கதான் எங்க கண்ணு!"

முதுகுகள் தீர்ந்தன. வெறும் சாலை அவளை நோக்கி ஓடி வந்தது.

இரண்டு கிலோமீட்டர் வழவழப்பாகக் கழிந்தது. அதன்பின் இறக்கம். இறக்கத்தின் அடியில், சாலையின் இடப்பாதியை விழுங்கியபடி ஒரு பள்ளம் வாயைப் பிளந்து கிடந்தது.

"பள்ளம்! பள்ளம்!" என்று கத்தினாள். காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. பின்னால் நாத்தனார் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இடக்கையை எடுக்க முயன்றாள். விரல்கள் கைப்பிடியோடு வார்த்தவை போல் இறுகியிருந்தன. முப்பது அடி. இருபது அடி. முணுமுணுப்பு நிற்கவில்லை. நிமிராமல் வரும் அந்தத் தலையை நினைத்துக்கொண்டாள்.

கையைப் பிய்த்தெடுத்துக் கீழே சுட்டினாள். வண்டியை வலப்பக்கம் திருப்பினாள்.

முணுமுணுப்பு அறுந்தது. ஆறு வண்டிகளும் வலப்புறம் சரிந்து பள்ளத்தைத் தாண்டின. அவளுடையது மட்டும் குடிகாரனைப் போல் தள்ளாடி, மறுபுறம் சாய்ந்து, சாலையோரப் புல்லில் அவளைக் கவிழ்த்தது.

நாத்தனார் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணி! அடி பட்டுச்சா? ஒத்தக் கை வரும்னு சொன்னீங்களே!"

"கை வரும்னுதான் சொன்னேன். வண்டியும் கூட வரும்னா சொன்னேன்?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் எடத்த மாத்தி விட்டிருப்பேன்."

"நீ சிரிச்சிருப்ப."

நாத்தனார் இப்போது சிரிக்கவில்லை. கை கொடுத்தாள். அந்த மணிக்கட்டைப் பற்றியவளின் விரல்கள், பழக்கத்தால், தாமாகவே நாடியைத் தேடிக் கண்டுகொண்டன. நாத்தனாரின் நாடி அவளுடைய நெஞ்சைவிட வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"கெளம்பலாமா அண்ணி?"

"கொஞ்சம் இரு," என்றாள் அவள், பிடியை விடாமல். "இது அடங்கட்டும்."