நாற்சந்தியில் வைத்த பேர்

எங்கள் செர்பிய மலையில் பிள்ளைக்குப் பேர் வைக்கும் உரிமை பெற்றவளுக்குக் கிடையாது. ஞானத்தகப்பன் வைப்பதுதான் பேர். எங்கள் வீட்டுக்கு ஞானத்தகப்பன் ஓப்ராத். புனிதர்களின் பேராகப் பொறுக்கி வைத்தார்: லூகா, சாவா, தோதோர். மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை, முனகி முனகியே போயின. ஒவ்வொரு முறையும் எங்கள் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, "கடவுள் சித்தம்மா" என்று போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவது பிறந்த எட்டாம் நாள் என் கணவன் மிலுட்டினிடம் சொன்னேன்.

"விடிஞ்சதும் பிள்ளையை நாற்சந்தியில வைக்கப் போறேன். முதல்ல யாரு வர்றாங்களோ அவங்க பேர் வைக்கட்டும்."

பிள்ளை தங்காத வீடுகளில் இது உண்டு. ஆனால் பழைய ஞானத்தகப்பனைக் கன்னத்தில் அறைந்த மாதிரி.

"ஓப்ராத் அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாரு, பெத்ரூஷா."

"இத்தனை நாள் மிதிச்சு என்ன கிழிச்சாரு?"

விடிந்ததும் செம்மறித் தோலில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, இருவரும் வேலிக்குப் பின்னால் நின்றோம். முதலில் வந்தவள் யெலிகா.

காட்டோரத்து விதவை. என் பிள்ளைகளின் நெஞ்சைத் தின்ற சூனியக்காரி அவள்தான் என்பது ஊர்ப்பேச்சு. சாவாவைப் புதைத்த அன்று அவள் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள்தான் நானும்.

"பிள்ளையைத் தூக்கு, போயிடலாம்" என்று மிலுட்டின் என் கையை இழுத்தான். உதறிவிட்டுப் போனேன்.

யெலிகா விறகுக்கட்டோடு நின்றிருந்தாள். "நான் இந்தப் பக்கம் வரலைன்னு வச்சுக்க. வேற வழியா போறேன்."

பிள்ளை தின்கிறவள் இப்படியா பேசுவாள்? எனக்கு வெட்கமாகிவிட்டது.

"முதல்ல வந்தது நீதான் அக்கா. தூக்கு. பேர் வை."

விறகை இறக்கி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தூக்கினாள்.

"வூக்" என்றாள். எங்கள் பேச்சில் ஓநாய். "சூனியக்காரி எதை வேணா தின்பாளாம், ஓநாய் கிட்ட மட்டும் போக மாட்டாளாம். உங்க ஊர் சொல்றதுதான். இனிமே என் தலையில பழி போட முடியாது பாரு."

ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓப்ராத் இதைப் பார்த்துவிட்டார்.

"பெத்து நாற்பது நாள் ஆகல, தெருவுல நிக்கிற. போயும் போயும் இவ கையிலயா குடுத்த? நான் மார்க்கோன்னு முடிவு பண்ணிட்டேன்."

"பேர் வச்சாச்சு. வூக்."

"மிருகத்தோட பேரா?"

"நீங்க வச்ச புனிதர் பேரு மூணு கல்லறையில கிடக்கு. நாலாவது எனக்கு வேணாம்."

அவர் மிலுட்டினைப் பார்த்தார். மிலுட்டின் வேலியைத் தாண்டி வந்தான். தொப்பியைக் கழற்றி, யெலிகாவின் கையில் முத்தமிட்டான். ஞானத்தாய்க்குச் செய்யும் மரியாதை அது. ஓப்ராத் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வூக் என்று பேரிட்டால் ஊருக்குக் கேட்கக் கூவ வேண்டும். கூவினேன்.

"பெண் ஓநாய் ஓநாயைப் பெத்திருக்கா, எல்லாரும் கேட்டுக்கங்க. பேர் வச்சது யெலிகா."

கடைசி வார்த்தை வழக்கத்தில் இல்லை, நானே சேர்த்தேன். யெலிகா, "போதும்டி" என்றாள். நான் மறுபடி கூவினேன்.

வூக் விழித்துக்கொண்டு அலறத் தொடங்கினான். மூன்று பிள்ளைகளின் முனகலையே கேட்ட என் காதில் இப்படி ஓர் அலறல் விழுந்ததே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு, அவனைக் கத்தவிட்டேன்.