விழுகிறவன்

கன்னியப்பனுக்கு அடிக்கத் தெரியாது, விழத் தெரியும். உழவர்கரையில் புருஷோத்தமன் மாஸ்டரின் கராத்தே வகுப்பில் இருபது வருஷமாக அவனுக்கு அதுதான் உத்தியோகம். பள்ளிக்கூட ஆண்டு விழா, நவம்பர் ஒன்றாம் தேதி பிரெஞ்சு ஆட்சி போன விடுதலை நாள் மேடை, கோயில் திருவிழா என்று எங்கே மைக் செட் கட்டினாலும் மாஸ்டர் மேடை ஏறுவார். எதிரே கன்னியப்பன் நிற்பான். மாஸ்டர் மூச்சை இழுத்து, கண்ணை மூடி, வலது உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைப்பார். வைப்பார், அவ்வளவுதான். கன்னியப்பன் ஆறடி பின்னால் பறந்து மல்லாக்க விழுவான். விழும்போதே ஒரு கையால் தரையைப் பளாரென்று அறைவான். அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டம் கைதட்டும். இந்த வித்தைக்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் தொடு அடி.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிறவர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. மண் ஒட்டியதைப் பெருமையோடு தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தவன் இவன் ஒருவன்தான்.

நாற்பத்தாறு வயது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் குடும்பம் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியது. கன்னியப்பன் தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறான். மெஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள், மூன்றும் கூடி வரவில்லை. வில்லியனூரில் இருக்கும் அக்கா கமலா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரி செந்தமிழ்ச்செல்வி தையல் மெஷினோடு மல்லுக்கட்டுவாள். "தண்ணி ஏத்திட்டேன்" என்று அவள் மேலே பார்த்துச் சத்தம் கொடுப்பதும், "சரிங்க" என்று இவன் பதில் கொடுப்பதும்தான் அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை. வெட்கப்படாமல் சொல்லிவிடலாம்: ஒரு வாரத்தில் கன்னியப்பன்மேல் பட்ட மனிதக் கை மாஸ்டருடைய கை மட்டும்தான்.

முதல் தடவை விழுந்தது இரக்கத்தால். அன்று ஒரு பள்ளிக்கூட மேடை. மாஸ்டர் உள்ளங்கையை வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். மாஸ்டரின் நெற்றியில் வேர்வை. பாவம் மனுஷன் என்று தோன்றிய அந்த நிமிஷம் கன்னியப்பன் தானே பின்னால் எகிறி விழுந்தான். அரங்கம் அதிர்ந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டர் அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார். தோளில் கை போட்டு, "நல்லா தாங்குனடா" என்றார். அந்தக் கையின் சூடு வீட்டுக்கு வந்த பிறகும் தோளில் இருந்தது. அடுத்த தடவை அவன் இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தான்.

சீனியரே விழும்போது மற்றவர்கள் நிற்க முடியுமா? அவனைப் பார்த்து வகுப்பில் எல்லோரும் விழக் கற்றுக்கொண்டார்கள். இது இரண்டு பேரும் பேசாமல் பேசி வைத்துக்கொண்ட நாடகம் என்றுதான் கன்னியப்பன் வெகுநாள் நினைத்திருந்தான். ஒருநாள் டீக்கடையில் மாஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன்மேல கை வெக்கிறப்ப பாதி சக்திதான் வுடுறேன். முழுசா வுட்டா உன் நெஞ்சு தாங்காது, கன்னியப்பா." கண்ணில் அவ்வளவு அக்கறை. கன்னியப்பன் கையில் இருந்த டீ ஆடை கட்டிப் போயிற்று. மனுஷன் நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்! அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். சண்டை தன் ரத்தத்தில் ஓடுகிறது என்று மாஸ்டருக்குச் சின்ன வயசிலிருந்தே நினைப்பு. அந்த நினைப்புக்கு வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் தான்தான் என்று அன்றைக்குத்தான் கன்னியப்பனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அடுத்த வாரமும் போய் விழுந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அது வெளியே வந்தது நெல்லித்தோப்பு பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில்.

ஒரு குடிகாரன் பஸ்ஸில் ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று படியில் நின்றுகொண்டு கண்டக்டரை ஏசிக்கொண்டிருந்தான். யாரும் தட்டிக் கேட்கவில்லை. கராத்தேக்காரன் சும்மா நிற்கலாமா என்று கன்னியப்பன் நடுவில் போனான். குடிகாரன் இறங்கி வந்து, "ஓரமா போய்யா" என்று அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது வெறும் இருபது வருஷப் பழக்கத்துக்கும் பொருந்தும். கன்னியப்பன் ஆறடி பறந்தான். தார் ரோட்டில் மல்லாக்க விழுந்து ஒரு கையால் பளாரென்று அறைந்தான்.

குடிகாரனுக்கு மப்பே இறங்கிவிட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "யோவ், நான் சும்மா தொட்டேன்யா! இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்று அவனே ஓடி வந்து தூக்கிவிட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது.

யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். வேறு யாரோ விடுதலை நாள் மேடையில் இவன் விழுந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஒட்டினார்கள். 'மாஸ்டர் தொட்டாலும் பறப்பாரு, மப்புல தொட்டாலும் பறப்பாரு' என்று கீழே எழுதியிருந்தது. மூன்றே நாளில் அது கம்பெனிக்கும் வந்துவிட்டது. அதுவரை பேசாதவர்கள் எல்லாம் இவனைக் கண்டதும் உள்ளங்கையை நீட்டினார்கள்.

அந்த வாரமே லாஸ்பேட்டையில் பாக்ஸிங் ஜிம் நடத்தும் விஜயராகவன் இன்னொரு வீடியோ போட்டான். இருபத்தெட்டு வயது, ஒவ்வொரு கையும் உலக்கை. பேச்சு மட்டும் மரியாதையானது. "மாஸ்டர் பெரியவரு. நான் அசையாம நிக்கிறேன், என்னத் தொட்டு வுழ வெக்கட்டும். நான் வுழலன்னா ஒரே ஒரு குத்து வுடுவேன். அத அவரு தடுத்துக்கட்டும். ஞாயித்துக்கெழம காலையில பத்து மணி, கிரவுண்டுல."

மாஸ்டருக்கு அறுபத்தொன்று. போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தார். வேண்டாம் என்று ஒதுங்கினால் வயசுக்கு மரியாதை என்று ஊர் விட்டுவிடும். ஆனால் அவர் வகுப்பு நடுவே எழுந்து நின்று, "வரச் சொல்லு" என்றார்.

எல்லோரும் போன பிறகு கன்னியப்பன் தலை குனிந்து நின்றான். குடிகாரனிடம் விழுந்ததற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். மாஸ்டர் கிட்டே வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தப்பு இல்லடா. இத்தன வருஷமா என் சக்திய வாங்கி வாங்கி உன் ஒடம்பு எளகிப்போச்சு. எவன் தொட்டாலும் வுழுற மாதிரி ஆயிடுச்சு. நான்தான் பாத்து வுட்டிருக்கணும். என்ன மன்னிச்சுடு."

அவனிடம் மன்னிப்புக் கேட்ட முதல் மனிதர் அவர். அதுவும் பொய்க்காக. கன்னியப்பன் அன்று வீடு வரை நடந்தே போனான். வழியில் ஒரு இடத்தில் நின்று அழுதான்.

வெள்ளிக்கிழமை போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டான். "மாஸ்டர், ஞாயித்துக்கெழம போவாதீங்க" என்று ஆரம்பித்தான். "பயப்படாத. முழுசா வுட மாட்டேன், புள்ள செத்துடுவான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இந்த மனுஷனிடம் வாயால் சொல்லிப் பயன் இல்லை என்று தெரிந்துபோயிற்று. சொல்லாமல் விட்டால் விஜயராகவனின் கை சொல்லும். அந்த நெஞ்சு அதைத் தாங்காது. சொன்னால், இனி இந்த ஊரில் தன்னை 'வாடா' என்று கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை மாஸ்டர் அவனை மட்டும் வரச் சொல்லியிருந்தார். "உன்மேல ஒருதரம் பாத்துக்கறேன். கொஞ்சமாத்தான் வுடுவேன்" என்றார். வகுப்பு நடக்கும் அந்த ஓலைக்கூரை மாடியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். மாஸ்டர் மூச்சை இழுத்தார், கண்ணை மூடினார்.

கை கிளம்பும்போதே கன்னியப்பனின் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. கால் விரல்களால் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நெஞ்சில் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. மிருதுவாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை எப்படி இருக்கும் என்று உணர அவனுக்கு நேரமே கிடைத்ததில்லை. அதற்குள் பறந்துவிடுவான்.

சத்தம் கேட்காததால் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். கன்னியப்பன் அங்கேயே நின்றிருந்தான்.

"இன்னாடா?"

"இன்னொரு தரம் செய்யுங்க, மாஸ்டர்."

செய்தார். நின்றான். மாஸ்டரின் முகம் மாறியது. மூன்றாவது தடவை அவர் வைக்கவில்லை. கோபத்தில் நிஜமாகவே அடித்தார். எலும்பில் பட்டு உயிர் போகிற வலி. கன்னியப்பன் அரையடி பின்னால் போனான், மறுபடி முன்னால் வந்து அதே இடத்தில் நின்றான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

மாஸ்டர் கையை எடுக்கவில்லை. நெஞ்சிலேயே வைத்திருந்தார்.

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து, மாஸ்டர்."

"மத்த பசங்க?"

"என்னப் பாத்துதான்."

"ஏன்டா சொல்லல?" என்றார்.

"சொன்னா அப்புறம் என்னக் கூப்புட மாட்டீங்களேன்னுதான்."

மாஸ்டர் கையை எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வூட்டுக்குப் போ" என்றார். டா போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விஜயராகவன் வந்தான், இருநூறு பேர் வந்தார்கள், மாஸ்டர் வரவில்லை. கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி. நேற்று வரை வணக்கம் வைத்தவர்கள் எல்லாம் மாஸ்டர் பயந்து ஓடிவிட்டார் என்று வீடியோ போட்டார்கள். விஜயராகவன் மட்டும், "வரலன்னா வுடுங்க, வயசானவரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு இருந்த நாகரிகம் ஊருக்கு இல்லை. பத்து நாளில் வகுப்பின் போர்டு இறங்கியது.

கன்னியப்பன் நான்கு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து நேராக அவர் வீட்டுக்கே போனான். மாஸ்டரின் மனைவி ஹேமலதா கதவைப் பாதி திறந்தாள். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலியில் மாஸ்டரின் பின்னந்தலை தெரிந்தது.

"தூங்குறாருப்பா" என்றாள். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "நீ செஞ்சதுதான் சரி. அவரு உசுரோட இருக்காருன்னா உன்னாலதான். அது எனக்குத் தெரியும்" என்றாள். அவன் முகம் மலர்வதற்குள், "ஆனா இனிமே வராத. உன்னப் பாத்தா அவருக்குத் தாங்காது" என்றாள்.

"சரிங்கம்மா" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. வகுப்பு நேரம். கன்னியப்பன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பெல்ட்டைக் கட்டினான். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கோரைப்பாயை விரித்து, அதன் முன்னால் போய் நின்றான். எதிரே சுவரில் பிஸ்கட் கம்பெனி காலண்டர் தொங்கியது. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினான். நெஞ்சில் அந்த ஈரமான உள்ளங்கையை நினைத்துக்கொண்டான்.

விழுந்தான். கை தரையைப் பளாரென்று அறைந்தது.

கீழே மெஷின் நின்றது. செந்தமிழ்ச்செல்வி முற்றத்துக்கு வந்து மேலே பார்த்துச் சத்தம் கொடுப்பது கேட்டது.

"கன்னியப்பன்! மேல இன்னா வுழுந்துச்சு?"

அவன் மல்லாந்தபடியே கிடந்தான். தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறொன்றுக்காக அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"ஒண்ணுமில்லீங்க. நான்தான்."

"அடிகிடி பட்டுடுச்சா?"

"இல்லீங்க."

வேறு ஏதாவது கேட்பாளா என்று காது கொடுத்துக் காத்திருந்தான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கன்னியப்பன் எழுந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றான். இந்தத் தடவை கையை இன்னும் பலமாக அறைந்தான்.