கழுவுவதற்கு முன் கழுவிய கால்

1

இந்தக் கதை வன்மத்தில் பிறந்தது. மனாங் பூரிங்கைப் பார்த்து நாலு பேர் சிரிக்கவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் பனாய் தீவில் மூத்த பெண்களை மனாங், அதாவது அக்கா, என்போம். இவளை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைத் தலைவி. பூசைக்கு யார் பிந்தி வந்தார், யார் முழங்காலிடாமல் ஏமாற்றினார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

(முழுப் பெயர் புரிஃபிகாசியோன். தூய்மை என்று பொருள். கதைக்காக நான் வைத்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். வைத்தது அவளுடைய அப்பா, மீன் வியாபாரி.)

முதலில் எழுதிய வரி: ‘கோயில் மணி ஒலித்தபோது பக்தி வேடமிட்ட அந்த நெஞ்சில்...’ அடித்துவிட்டேன். அந்த நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

2

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். தாழ்மையின் சடங்கு. எங்கள் ஊரில் அது பதவி. படகு முதலாளி, பல் டாக்டர், மேயரின் மச்சான் என்று இடம் பிடித்துவிடுவார்கள்.

இந்த வருடம் ஃபாதர் எலியாஸ் பேரவையில், “ஒரு நாற்காலி கிரிசாந்தோவுக்கு” என்றார்.

கிரிசாந்தோ சேவல் சண்டையில் ஒருவனைக் குத்திவிட்டுச் சிறைக்குப் போனவன். திரும்பி வந்து, கருவாடு காயப்போடும் கொட்டகையில் வேலை செய்து அங்கேயே படுத்துக்கொள்கிறான். கொஞ்ச நாளாக நொண்டுகிறான்.

“ஏழைன்னா ஏழையாவே இருக்கட்டும் ஃபாதர்” என்றாள் பூரிங். “கொஞ்சம் பாக்குற மாதிரி ஏழையா கெடைக்க மாட்டானா? அவன் கால்ல ஈ மொய்க்குது!”

“அதனாலதாம்மா கழுவணும்.”

“அப்ப நீங்க கழுவுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ கழுவிருவேன். சொல்லிட்டேன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பள்ளி ஆசிரியனும் பேரவைச் செயலாளனுமான நானும் ஆட்டினேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கதை கிடைத்துவிட்டது.

3

வியாழன் மாலை, கோயிலுக்குப் பின்னால் சமையலறை. வேடிக்கை பார்ப்பதற்காகவே வெந்நீர்ப் பானையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

“கால நீட்டுடா. செருப்போடவா ஊறப்போடுறது?”

“நானே கழுவிக்கிறேன் மனாங்.”

“நீ கழுவுன லட்சணந்தான் தெரியுதே!”

பாதத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நாற்றம் எழுந்தது.

(இந்த இடத்தில் அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவதாக எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம். பொய். பொத்தியது நான், வாசல்வரை பின்வாங்கியதும் நான்.)

அவள் குனிந்து, சந்தையில் மீனை முகர்வதுபோல அந்தக் காலை முகர்ந்தாள். விரலால் அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“இங்க?”

“இல்லயே!” சரியாக விடை சொன்ன மாணவன்போலச் சிரித்தான்.

அவள் முகம் வெளுத்தது. “எப்பலேர்ந்துடா இப்படி?”

“ஆணி குத்துச்சு மனாங். அப்புறம் கருத்துப்போச்சு.”

“எருமமாடே, யார்கிட்டயாச்சும் சொல்ல வேணாமா?”

“யார்கிட்ட?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். பூரிங் என் பக்கம் திரும்பினாள். மணி அடிக்கத் தொடங்கியது.

“சார், ஒரு வண்டி கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு.”

“பூசை ஆரம்பிக்கப்போகுதே மனாங்?”

“நான் இல்லாட்டி ஆண்டவரு எறங்கி வரமாட்டாரா? ஓடுங்க சார்!”

பெருநாளுக்கென்று தைத்த வெள்ளை உடையில் சீழ் வழிய, அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

4

பீடத்தின் முன் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் காலுறையைக் கழற்றினேன். நகம்கூட முந்தின நாளே வெட்டியிருந்தேன், எதற்கும் இருக்கட்டுமென்று. வெதுவெதுப்பான தண்ணீர். சுகமாகத்தான் இருந்தது. மேயரின் மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யச் சொல்வார்கள். நான் தவக்காலம் முழுக்கச் செய்தேன், பூரிங்கின் ஆன்மாவை வைத்து.

இனி முடிவுகள். பூரிங் கண்ணீர்விட்டு மனம் மாறினாள் என்று எழுதலாம். எங்கே! ஈஸ்டரன்றே பாடகர் குழுப் பெண் ஒருத்தியை, கை தெரிகிற சட்டைக்காக வாசலில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, தூக்குச்சட்டியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். கிரிசாந்தோ புனிதனைப்போல இறந்தான் என்று எழுதலாம். அவனோ முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

5

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். இரக்கத்தால் அல்ல, கதைக்குக் கடைசிப் பகுதி வேண்டியிருந்தது.

“மனாங் மத்தியானம்தான் வருவாங்க சார்” என்றான். பிறகு தயங்கினான். “மிச்சமிருக்கிற இந்தக் கால் ஒரே பிசுபிசுப்பு. குனிஞ்சா தையல் இழுக்குது. கட்டிலுக்கடியில பேசின்ல வெந்நீர் இருக்கு. கொஞ்சம்...”

நான் உடனே, “நர்ஸக் கூப்பிடட்டுமா?” என்றேன்.

“சரி சார், கூப்பிடுங்க.” குறையே இல்லாத குரல். அதுதான் தாங்கவில்லை.

வெளியே வந்தேன். நடையில் நர்ஸ் யாரும் இல்லை. இடது பக்கம் அவன் அறை. வலது பக்கம் படிக்கட்டு.

அந்த மனிதனை, அதாவது என்னை, அங்கேயே நிற்க வைத்திருக்கிறேன். இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று என்னைப் புகழ்ந்தது. மற்றொன்று என்னைத் திட்டுவதுபோல நடித்துப் புகழ்ந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன். இவ்வளவு நேரம் என்னோடு சேர்ந்து பூரிங்கைப் பார்த்துச் சிரித்தீர்களே, நீங்களே அவனை ஒரு பக்கம் திருப்பிவிடுங்கள். சீக்கிரம். தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.