கண்ணாடிப் பெட்டிக்குள் நேர்த்திக்கடன்

ஜமீன் பங்களாவை நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகமாக மாற்றியபோது, சுற்றுவட்டாரக் கோயில்களில் கிடந்த மண்பொம்மைகளை வண்டி போட்டு அள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டவெளியில் கிடப்பதெல்லாம் அநாதை என்பது படித்தவர்களின் நினைப்பு.

அப்படி வந்ததில் ஒன்று பாண்டிலட்சுமி வைத்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்து, அவள் மகள் அனுப்பிரியா மதுரை ஆஸ்பத்திரியில் வாழை இலைமேல் கிடக்கிறாள். அவர்கள் ஊரில், நோவு கண்ட பிள்ளையின் பெயரைச் சொல்லி, சுடாத களிமண்ணில் ஒரு பொம்மை செய்து காளியம்மன் முன்னால் வைப்பார்கள். மழையில் பொம்மை கரைந்தால் நோவும் கரைந்துவிடும்.

மழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் பொம்மையைக் காணோம். ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று பாண்டிலட்சுமி விழுந்து கும்பிட்டாள். மகளுக்கோ காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மழைக்கு முன்பே அள்ளிப்போன பொம்மை பங்களாவில் இருப்பதாக நாத்தனார் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. பங்களாவுக்கு ஓடினாள்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் கனகசபாபதி நல்ல மனிதர். அதுதான் கொடுமை.

“ஐயா, இது எம் மக பேருல வச்சது. குடுத்துருங்க. கரைஞ்சாத்தான் பிள்ள பொழைப்பா.”

சட்டம் பேசுவார் என்று பயந்திருந்தாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

“கொண்டு போங்க தாயி. பிள்ள எப்படி இருக்கா?”

“இன்னும் கண்ணு முழிக்கலய்யா.”

வெளியே நல்ல மழை. கோயில்வரை போகப் பொறுக்காமல் பங்களா முற்றத்திலேயே பொம்மையை வைத்தாள். தண்ணீர் அதன் மேல் பட்டு வழிந்து ஓடியது. கையால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் மண் ஒட்டவில்லை.

“என்னய்யா இது, இளகவே மாட்டேங்குது?”

அப்போதுதான் நினைவு வந்தவராகக் கனகசபாபதி முற்றத்துக்கு இறங்கி வந்தார். “கெட்டுப்போகக் கூடாதுன்னு பசை பூசியிருக்கோம் தாயி. உள்ள வரைக்கும் ஊறிருச்சு. இனிமே கரையாது.”

“வேற மருந்து போட்டு எடுக்க முடியாதா?”

“முடியாது. புதுசா ஒண்ணு செஞ்சு வைங்களேன்.”

“ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான்யா.”

“அப்ப இத ஒடைச்சுப் பொடியாக்கிருவோமா?”

பாண்டிலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அனுப்பிரியான்னு பேரு சொல்லி வச்சிருக்கேன். நானே ஒடைக்கவா?”

மகள் இனி வீடு திரும்ப மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அதை மழையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கீழே ஓடிய தண்ணீர் கலங்கவே இல்லை.